ஒரே கட்சி, இரண்டு அணி, ஒரு வடிகான்

பசை காயவில்லை. அதற்குள் அதன் மேல் இன்னொரு போஸ்டர்!

போன வாரம் ரஞ்சினி அக்காவின் தையல் கடைச் சுவரில் பார்த்த காட்சி. ஒட்டியவரும் மேலே ஒட்டியவரும் ஒரே கட்சி, ஒரே சின்னம். ஒருவர் எங்கள் வட்டாரத்தின் பழைய கட்சி அமைப்பாளருடைய ஆள். மற்றவர், அந்த அமைப்பாளரை ஒதுக்கிவிட்டுக் கட்சி நிறுத்தியிருக்கும் புதிய வேட்பாளரின் ஆள்.

இந்த உள்ளூராட்சித் தேர்தலில் அதே வட்டாரத்தில் ரஞ்சினி அக்கா சுயேச்சை. அவருடைய படை? நானும் என் ஸ்கூட்டியும். ஏன் நிற்கிறார்? வாவிக்கு நாற்பது அடி முன்பே பாதியில் நின்றுபோன ஒரு மழைநீர் வடிகானுக்காக. மாரி வந்தால் எங்கள் ஒழுங்கையில் வாசலுக்கு வாசல் முழங்கால் அளவு தண்ணீர். அக்காவின் தையல் மெஷின்கள் மேசைக்கு மேல் ஏறிவிடும்.

போஸ்டர்காரர்கள் கடை வாசலிலேயே தொடங்கினார்கள்.

"வடிகான் ஏன் நின்டது? உங்கட வேட்பாளர்ர தம்பி அதுக்குக் காணி விடல்ல. வெட்ட அனுமதிக் கடிதம் எப்பவோ வந்திற்று!" – பழையவரின் ஆள்.

"ஆரு விடல்ல? தம்பி அப்பவே கையெழுத்துப் போட்டுக் குடுத்திட்டார். கடிதத்த அமுக்கி வச்சிருக்கிறது உங்கட ஐயாதான்!" – புதியவரின் ஆள்.

அக்கா கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். எனக்கும் அப்போதுதான் பளிச்சென்றது... கடிதமும் இருக்கிறது, கையெழுத்தும் இருக்கிறது! எத்தனை தடவை சபைப் படியேறிக் கேட்டும் எங்களுக்குக் கிடைக்காத தகவல்.

நான் அவசரக்காரி – உங்களுக்குத் தெரியாததா? சண்டையைப் போனில் பதிவு செய்திருந்தேன்.

"அக்கா, இத வாட்ஸ்அப்ல போடுவம். இன்னும் அடிபடட்டும். வோட்டுப் பிரிஞ்சா நமக்குத்தானே லாபம்!"

"நாளைக்கு அவங்க சேந்தா என்ன செய்வாய் புள்ள?"

சேர்வதா? இவர்களா? சிரித்தேன்.

மூன்றாம் நாள் அமைப்பாளரும் வேட்பாளரும் மேடையில் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். மேலிடத்து உத்தரவாம். என் முகம் தொங்கிப்போனது.

அக்கா பொத்தான் தைத்தபடியே கேட்டார்: "என்னகா, செத்த வீட்டுக்குப் போய் வந்த மாதிரி இரிக்காய்? நல்லம்தானே! கடிதம் வச்சிருக்கிறவரும் காணிக்காரர்ர அண்ணனும் இப்ப ஒரே மேடையில!"

வெளியிலிருந்து களத்துக்கு வருகிறவர்கள் சறுக்குவது இங்கேதான் என்று நினைக்கிறேன். கட்சிக்குள் அடிபாடு என்றதும் சிதறும் வோட்டைத்தான் பார்க்கிறோம். அந்த வோட்டு, அவர்கள் சமாதானமான அன்றே திரும்பிப் போய்விடும். ஆனால் கோபத்தில் வாய் தவறி விழுந்த உண்மை? அதை எந்த மேலிடமும் திருப்பி வாங்க முடியாது.

பதிவை நான் யாருக்கும் அனுப்பவில்லை. அனுப்பக் கை துறுதுறுத்தது – அதையும் ஒத்துக்கொள்கிறேன். பதிலாக, நேற்று வேட்பாளரின் தம்பி வீட்டுக்கே போனோம். மனிதர் உள்ளே போய், தான் கையெழுத்திட்ட பத்திரத்தின் பிரதியைக் கொண்டு வந்து தந்தார். "என்ர பேரக் கெடுத்துப் போட்டாங்க. நீங்களாவது அந்த வடிகான வெட்டிப் போடுங்க தங்கச்சி" என்றார்.

நாளைக் காலை அமைப்பாளரின் வீடு. பிரதியோடு அக்கா, பின்னால் நான், எங்களுக்குப் பின்னால் ஒழுங்கைச் சனம் முழுவதும். கேட்கப்போவது ஒன்றே ஒன்று – அந்தக் கடிதம்.

தந்தால் எங்களுக்கு வடிகான். தராவிட்டால் அக்காவுக்கு வோட்டு!