இன்னும் ரெண்டு வரிசை

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். ஆனால் ஏஞ்சல் மேரி கதை கட்டுகிறவள் இல்லை. பொய்யைக் கண்டுபிடிப்பதுதான் அவள் வேலையே. விளைவிக்கிறவர்களுக்கும் கேடில்லாத, விஷ மருந்து படாத பஞ்சில்தான் சட்டை தைப்போம் என்று ஒரு வெளிநாட்டுக் கம்பெனி சொல்லியிருந்தது. அந்தப் பஞ்சு வாலிகண்டபுரம் பக்கத்துக் கரிசல் காடுகளில் விளைந்தது. முப்பத்திரண்டு குடும்பங்கள் சேர்ந்த சங்கம். ஒரு காட்டில் மருந்து அடித்திருந்தாலும் அத்தனை பேர் பஞ்சும் தள்ளுபடி. வருடம் ஒருமுறை காடு காடாக நடந்து பார்த்து எழுதும் பொறுப்பு அந்த வருடம் அவளுக்கு வந்தது.

2005 டிசம்பர் 14, புதன்கிழமை. கடைசியாகப் பிச்சைமுத்துவின் காடு. அவர் ஊருக்குள் போயிருந்தார். பட்டப்பகல். மணி 12.10. இடுப்பளவு செடி. காற்றே இல்லை. ஒரு பூச்சிகூடச் சத்தம் போடவில்லை.

12.20. கிறீச்... புஸ்ஸ்... கிறீச்... புஸ்ஸ்...

மருந்து அடிக்கிற சத்தம்! கூடவே தொண்டையைக் கமறவைக்கும் வாடை. ஆளில்லாத நேரம் பார்த்து அடிக்கிறார்களா?

பத்தடி முன்னால் ஒரு பெண். மஞ்சள் சேலை. முதுகில் மருந்து டேங்க். வெறுங்கை. வெறுங்கால்.

“அக்கா! நிறுத்துங்க!”

அவள் திரும்பவில்லை.

“இன்னும் ரெண்டு வரிசதான் கண்ணு. முடிச்சிட்டு வூட்டுக்குப் போயிடுவேன்.”

குரல் முன்னாலிருந்து வரவில்லை. காதோரம் கேட்டது...

ஏஞ்சல் மேரி ஓடினாள். அந்தப் பத்தடி குறையவே இல்லை.

இலையைத் தொட்டாள். ஒரு சொட்டு மருந்துகூட இல்லை.

ஈர மண்ணைப் பார்த்தாள். தன் கால் தடம் மட்டும்.

12.31. சத்தம் நின்றது.

ஆள் இல்லை.

வரப்புக்கு வந்து விழுந்தாள். ஊருக்குள்ளிருந்து திரும்பிய பிச்சைமுத்து ஓடிவந்து தண்ணீர் கொடுத்தார்.

“யாருண்ணே மருந்தடிச்சது? மறைக்காதீங்க.”

“மஞ்ச சேலையா?” அவர் முகம் வெளுத்தது. “எம் பொண்டாட்டிங்க. வீரம்மா. செத்து மூணு வருஷமாச்சு. மூக்குக்குத் துணிகூட கட்டாம மருந்தடிச்சி, இங்கதான் விழுந்தா. அன்னையோட நான் மருந்தத் தொடலீங்க.” குரலை இறக்கினார். “எத்தன வரிசன்னு சொன்னா?”

“ரெண்டு.”

“போன வருஷம் என்கிட்ட நாலுன்னா...”

இலைகளைக் கிள்ளிச் சோதனைக்கு அனுப்பினாள். மருந்தின் சுவடே இல்லை என்று வந்தது. அதை மட்டும் எழுதினாள். முப்பத்திரண்டு குடும்பங்களின் பஞ்சும் தேறியது.

அடுத்த டிசம்பரில் அங்கே போக மறுத்துவிட்டாள். மனசு மட்டும் நிலைகொள்ளவில்லை. சங்கத்துக்குப் போன் போட்டு விசாரித்தாள். பிச்சைமுத்து நன்றாக இருக்கிறார், இன்னும் தனியாளாகத்தான் பொங்கித் தின்கிறார் என்றார்கள். அவளுக்குப் பதிலாக, ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த திருமுருகனை அனுப்பினார்கள். அவனிடம் அவள் எதுவும் சொல்லவில்லை. சாயங்காலம் 5.40க்கு ஆபீஸ் திரும்பினான்.

“காட்டுல சத்தம் ஏதாவது...?”

“ஒண்ணும் இல்லையே மேடம். நல்ல காடு. பிச்சைமுத்து அண்ணன்தான் சாப்பிட்டுட்டுப் போங்கன்னு வூட்டுக்குக் கூட்டிட்டுப் போனாரு. அவரு சம்சாரம் சோறு போட்டாங்க.”