காப்பார் பாம்பின் வாயில்

எழுத்து எனக்கு அவ்வளவாக வராது. ஆரம்பப் பள்ளியோடு என் படிப்பு நின்றுவிட்டது. ஞாபகமும் இப்போதெல்லாம் ஓட்டைப் பையில் போட்ட வெங்காயம் மாதிரி வழியிலேயே விழுந்துவிடுகிறது. கொஞ்சம் பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

போன வாரம் பேத்தி என்னை ஒரு கடைக்குக் கூட்டிப் போனாள். காப்பி குடித்துக்கொண்டே அட்டையில் காய் நகர்த்தி விளையாடுகிற கடை. என் காப்பி ஆறுகிறவரை விதிகளையே படித்தாள். "பாட்டி, இதுல பாதி ஆட்டம் கதை சொல்றதுதான். அதான் இந்த கேமோட ஸ்பெஷல்லா," என்றாள். பெட்டியிலிருந்து புதுச் சாயத்தின் வாடை வந்தது. எனக்குப் பச்சை பெயின்ட் ஞாபகம் வந்துவிட்டது.

எழுபதுகளில் நாங்கள் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். கல்யாணமாகி வந்த புதிது. தீபாவளிக்குத் தரையில் விரித்த ரப்பர் பாயில் ஒரு துண்டு மிச்சம். கேட்டுக்கு அடித்த பச்சை பெயின்ட்டும் மிச்சம். பக்கத்து வீட்டுப் பார்வதி சும்மா இருப்பாளா? "வா, நாமளே ஒரு பரமபதம் போடுவோம்," என்றாள். சொர்க்கத்துக்குப் பதில் எங்களுக்குப் பத்துமலைக் கோயில். கட்டங்களுக்குச் சாலாக் செலாத்தான், கிள்ளான், சுங்கை பூலோ என்று தெரிந்த ஊர்ப் பெயர்களையெல்லாம் வைத்தோம். எந்த ஊருக்குப் பக்கத்தில் எந்த ஊர் என்று நாங்கள் கவலைப்படவில்லை. பார்வதி காப்பாரில் பிறந்தவள், அதனால் பெரிய பாம்பு காப்பாருக்கு. அவள் வரைந்த பாம்பு பயத்தங்காய் மாதிரி இருந்தது. கண் வைத்த பிறகு, பயந்துபோன பயத்தங்காய்.

பாம்பு கடித்தால் உடனே இறங்க வேண்டாம். அந்த ஊரில் ஒரு பெண்ணைப் பாம்பு ஏன் பிடித்தது, அவள் எப்படித் தப்பினாள் என்று கதை சொல்ல வேண்டும். போன ஆட்டத்தில் ஜெயித்தவர்தான் நாட்டாமை. கதை பிடித்தால் அவர் பாம்பை விடச் சொல்வார்.

என்ன கொட்டம் இது என்று அதட்ட வந்த என் மாமியார், அப்படியே உட்கார்ந்துவிட்டார். சடங்கெல்லாம் அவர் சேர்த்ததுதான். வெற்றிலையைத் துப்பிவிட்டு வரணும், கிழக்கே பார்க்கணும், சோழியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் போடணும். ஒருமுறை பார்வதி தீர்ப்புச் சொல்லிவிட்டு மாற்றப் பார்த்தாள். அத்தைக்குக் கோபம் வந்துவிட்டது. "இனிமே சோழியக் கையில வச்சிக்கிட்டுத்தான் தீர்ப்பு சொல்லணும். சொன்னது சொன்னதுதான். சாமியே வந்து கேட்டாலும் மாத்தக் கூடாது!"

எனக்கு ஒரு கதையும் வராது. பாம்பு கடித்தால் பேசாமல் வாலுக்குப் போய்விடுவேன். ஜெயித்ததே இல்லை.

அப்போதுதான் ரேடியோ பாகங்கள் செய்யும் ஃபேக்டரி ஒன்றில் ஆள் எடுத்தார்கள். பார்வதி சேர்ந்துவிட்டாள். எனக்கும் கொள்ளை ஆசை. திங்கட்கிழமை போய்ப் பெயர் கொடுக்காவிட்டால் இடம் போய்விடும். வீட்டுக்காரரைக் கேட்டால், "அம்மாவக் கேளு" என்று பேப்பருக்குள் புகுந்துகொண்டார். அத்தையிடம் உப்பு எங்கே என்று கேட்கவே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

சனிக்கிழமை மத்தியானம் ஆட்டம். அக்கம்பக்கத்துப் பெண்களும் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். அத்தைதான் நாட்டாமை. என் காய் நேராகக் காப்பாரில் போய் விழுந்தது. கதையைச் சொல்லு என்று பார்வதி என் தொடையில் கிள்ளினாள்.

"காப்பாருல ஒரு பொண்ணு இருந்தா அத்தை..."

"அட, வாயில முத்து இருக்கே! சொல்லு."

"அவளுக்கு வேலைக்குப் போக ஆசை. பஸ்ஸு வந்து ஆரன் அடிக்குது. வாசப்படியில ஒரு பாம்பு படுத்திருக்கு. தாண்ட பயம்."

"கெட்ட பாம்பா?"

"இல்ல அத்தை, நல்ல பாம்புதான். மத்தியானம் சூடா சோறு வேணும், அவ்ளோதான்."

"பாம்புக்கு என்ன வயசு?"

"அப்படி ஒண்ணும் வயசாகல அத்தை."

"அப்ப காலையிலேயே வடிச்சு வச்சிட்டுப் போறது! போட்டுத் திங்க அதுக்குக் கை இல்லியா?"

"பாம்புக்கு ஏது பெரியம்மா கை?" என்றாள் பார்வதி.

"நீ சும்மா இருடி! பாம்பு விட்டாச்சு. பொண்ணு வேலைக்குப் போகட்டும்!"

பார்வதி மெதுவாக, "பெரியம்மா, சோழி கையில இருக்கு," என்றாள்.

அத்தை கையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எழுந்துபோய், காயாத துணியையெல்லாம் கொடியிலிருந்து எடுக்க ஆரம்பித்துவிட்டார்.

திங்கட்கிழமை காலையில் அடுப்படியிலிருந்து குரல் வந்தது: "காப்பார் பொண்ணு இன்னும் தூங்குறாளா? பஸ்ஸு வந்துரும்லா!"

ரொம்ப வருஷம் அந்த பஸ்ஸில் போனேன். இப்போது ஃபேக்டரி இல்லை. குவார்ட்டர்ஸ் இருந்த இடத்தில் அண்ணாந்து பார்க்கிற கட்டடம். ரப்பர் பாய்த் துண்டு வீடு மாறும்போது எங்கோ போய்விட்டது. அத்தையும் இல்லை.

ஒன்று மட்டும் எனக்குத் தெரியவில்லை. அத்தை முதலில் சோழியைக் கீழேதான் வைத்திருந்தாராம், தீர்ப்புச் சொல்வதற்கென்றே திரும்பக் கையில் எடுத்தாராம். பார்வதி இன்றைக்கும் போனில் இப்படித்தான் அடித்துச் சொல்கிறாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன், பார்க்கவில்லை. அன்றைக்குச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், எது சரி என்று கொஞ்சம் சொல்லுங்கள்.