பதிவேட்டில் எங்கள் வீட்டுப்பேரு

கேரளத்தில் ஏலப்பாறைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடொன்றில்தான் நானும் தங்கச்சியும் பிறந்தோம். ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்ட நான் மறையூரில் வெல்லம் காய்ச்சினேன், உடும்பஞ்சோலையில் ஏலக்காய் பறித்தேன், ஓரிடத்திலும் நிலைக்கவில்லை. போன மாதம் தங்கச்சி கூப்பிட்டாள். அவள் இங்கேதான் பிறந்தாள் என்ற ஆதாரம் இருந்தால்தான் மகளுக்குச் சாதிச் சான்றிதழ் கிடைக்கும். இல்லாவிட்டால் நர்சிங் சீட் போய்விடும்.

பஞ்சாயத்து அலுவலகத்தில் மலையாளி அம்மா ஒருவர் பழைய பிறப்புப் பதிவேட்டைப் புரட்டினார்.

"இதே அப்பன் பேருல இந்த எஸ்டேட்டுல நாலு பேருண்டு, ஒண்ணிலும் பிள்ளை பேரு எழுதலை. வீட்டுப்பேரு பறயணும்."

"லயத்துக்கு ஏது மேடம் வீட்டுப்பேரு?" என்றாள் தங்கச்சி.

அவர் நான்கையும் வாசித்தார். மூன்றில் அந்த இடம் காலி. நான்காவதில், "சுண்டெலி" என்றார்.

தங்கச்சி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "கெடச்சிருச்சு மேடம்! இந்தா நிக்கிறாருல்ல எங்கண்ணன், இவருதான் சுண்டெலி."

கேரளத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பெயர் உண்டு. அப்பாவுக்கு அது தெரியாது. தங்கச்சி பிறந்ததைப் பதிய என்னையும் தோளில் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார். வீட்டுப்பேரு என்ன என்று கேட்டதும், என்னை வீட்டில் எப்படிக் கூப்பிடுவார்கள் என்று கேட்பதாக நினைத்துச் சொல்லிவிட்டார்.

அந்தப் பதிவில் எங்கள் அம்மாவின் பெயரும் சரியாக இருந்தது. நகல் கேட்கும் விண்ணப்பத்திலும் வீட்டுப்பேருக்கு ஒரு கட்டம் இருந்தது.

"நீயே எழுதுண்ணே, ஒன் வீடுதான" என்றாள் தங்கச்சி.

பிழை வராமல் மெதுவாக எழுதிக் கொடுத்தேன்.