பாயை இறக்கியவன்

1768இல் இங்கிலாந்தின் சந்தர்லாந்து துறைமுக மாலுமிகள் வாயில் 'ஸ்டிரைக்' என்றால் கப்பலின் பாயை இறக்குவது, அவ்வளவுதான். கத்பர்ட் ஹெசில்டன் நிலக்கரிக் கப்பலில் பத்தொன்பது வருஷம் பாயை ஏற்றி இறக்கியவன். எதிர்த்து ஒரு வார்த்தை பேசத் தெரியாது. அந்தப் பொறுமைக்குக் கூலியாகத்தான் கேப்டன் தெர்ல்வெல் வாக்குக் கொடுத்திருந்தார்: இந்தப் பயணம் கிளம்பிவிட்டால் அவன் துணைக் கேப்டன்.

கிளம்பினால்தானே! கூலி கட்டுப்படியாகவில்லை என்று மாலுமிகள் கப்பல் கப்பலாக ஏறிப் பாயை இறக்கிக்கொண்டே வந்தார்கள். பாய் இல்லாத கப்பல் எங்கே நகரும்? விடிந்தபோது துறைமுக ஆற்றில் பாயோடு நின்றது தெர்ல்வெல்லின் கப்பல் ஒன்றுதான். ஆட்களில் பாதிப் பேர் கரைக்கு நழுவியிருந்தார்கள்.

முப்பது பேரோடு ஒரு படகு பக்கத்தில் வந்து ஒட்டியது. முன்னால் நின்றவன் ஜோனஸ் ராப்சன், கத்பர்ட் மனைவியின் தம்பி.

"மச்சான்! நீங்களே இறக்கிடுங்க. நாங்க ஏறி வந்தா நல்லா இருக்காது."

கேப்டன் துப்பாக்கியை நீட்டினார். "ஏறிப் பாருங்கடா. முதல் தலை கீழ விழும்."

"சுடுங்களேன் பாப்போம்!" என்று ஏணியில் காலை வைத்தான் ஜோனஸ். திமிர் பிடித்த பயல், அவனுக்கு எப்போதுமே வாய் ஜாஸ்தி.

பாயின் கயிறு கத்பர்ட்டின் கைக்கெட்டும் தூரத்தில் கட்டியிருந்தது. கேப்டனின் விரல் விசையில் இருந்தது. ஜோனஸ் இரண்டாம் படிக்கு வந்துவிட்டான்.

"கத்பர்ட், நங்கூரத்தத் தூக்குடா!"

அவன் கயிற்றை அவிழ்த்தான். பாய் சடசடவென்று சரிந்து விழுந்தது. படகில் இருந்தவர்கள் கத்தினார்கள். இனி ஏறுவதற்கு வேலையில்லை என்று ஜோனஸும் இறங்கினான்.

கேப்டன் துப்பாக்கியைத் தாழ்த்தினார். "மடையா, உன் பதவிதான்டா போச்சு!"

"தெரியுங்கய்யா." அவன் குனிந்து, விழுந்த பாயைச் சுருட்டத் தொடங்கினான்.

சில நாளில் கூலி உயர்ந்தது. பாயையே தொட்டறியாத தொப்பி செய்யும் தொழிலாளிகளும் வேலையை நிறுத்திவிட்டு, நாங்களும் ஸ்டிரைக் என்றார்கள். சொல் அப்படியே ஊர் ஊராகப் போய்விட்டது.

மற்ற எல்லா மாலுமிகளையும் திரும்ப எடுத்தார்கள். கேப்டன் சொல்லை மீறிப் பாயை இறக்கிய கை எது என்று எல்லாக் கேப்டன்களுக்கும் தெரிந்திருந்ததால் கத்பர்ட்டுக்கு மட்டும் இரண்டு வருஷம் வேலையில்லை. கடைசியில் ஒரு கப்பலில் சாதாரண மாலுமியாகச் சேர்ந்தான். அதன் துணைக் கேப்டன் ஜோனஸ். சாகும்வரை கத்பர்ட் அவனை "ஐயா" என்றுதான் கூப்பிட்டான்.