அண்ணனின் கொழுப்பு மாத்திரை

பனியனில் கறை பார்ப்பது என் வேலை. எள்ளளவு எண்ணெய்க் கறை இருந்தாலும் அந்தப் பீஸை ஒதுக்கிவிடுவேன். அப்படிப்பட்ட நான், மலத்தோடு இரத்தம் போவதைப் பல மாதங்கள் பார்த்தும் மருத்துவரிடம் போகவில்லை. என் அண்ணனை நம்பினேன்.

அனுப்பர்பாளையத்தில் அவருடைய சின்னத் தையல் யூனிட்டில்தான் செக்கிங் பார்க்கிறேன். அப்பா போன பிறகு எனக்கு எல்லாமே அவர்தான். கூச்சத்தை விட்டு அவரிடம் சொன்னேன்.

"சூடு அம்மிணி. வெந்தயத்தை ஊற வெச்சுக் குடி, செரியாப் போயிரும்" என்றார்.

குடித்தேன். இரத்தம் முன்பைவிட அதிகமாகப் போனது. ஒருநாள் பண்டல்களுக்கு நடுவே மயங்கி விழுந்த பிறகுதான் கோயம்புத்தூருக்குக் கூட்டிப்போனார்.

கொலோனோஸ்கோப்பி (ஆசனவாய் வழியாகக் கேமராக் குழாயை விட்டுப் பெருங்குடலைப் பார்ப்பது) செய்தார்கள். அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் (பெருங்குடலின் உட்சுவர் வீங்கிப் புண்ணாகும் நோய்) என்றார் டாக்டரம்மா. ட்ரைகிளிசரைடும் (இரத்தத்தில் உள்ள ஒருவகைக் கொழுப்பு) கூடியிருந்தது.

"குடும்பத்துல வேற யாருக்காச்சும் இந்தக் குடல் நோய் இருக்குதுங்களா?" என்று கேட்டார்.

பக்கத்து நாற்காலியில் இருந்த அண்ணன் முந்திக்கொண்டார். "யாருக்கும் இல்லீங்க. எனக்குக் கொழுப்பு மட்டும் கொஞ்சம் சாஸ்திங்க."

"அதையும் கவனிக்கணுங்க. இரத்தக் கொழுப்பு, உடம்புல வர்ற அழற்சி, குடல் நோய், இதுக்கெல்லாம் சில மரபணுக்கள் பொதுவா இருக்கலாம்னு ஆராய்ச்சி நடக்குது. மரபணு இருந்தா நோய் வந்தே தீரும்னு இல்லை. ஆனா ஊட்டுல வேற யாருக்காச்சும் இப்படித் தொந்தரவு வந்தா, சும்மா விட்றாதீங்க" என்றார்.

மருந்துக்கடையில் கொடுத்த மாத்திரைகள் செங்கல் நிறத்தில் நீளமாக இருந்தன. எனக்குத் தெரிந்த மாத்திரைதான். மதியச் சாப்பாடு முடிந்ததும் அண்ணன் தினமும் விழுங்குவது. கொழுப்பு மாத்திரை என்பார். நான்தான் தண்ணீர் எடுத்துக் கொடுப்பேன்.

திரும்பும் வழியில் கேட்டேன். "ஏனுங்ணா, உங்களுக்கும் இதேதானுங்களா?"

வண்டியை ஓரங்கட்டினார். "உன்ற கல்யாணத்துக்கு முந்தியே வந்துருச்சு அம்மிணி. குடும்ப வியாதின்னா உன்னைய யாரு கட்டுவாங்க? கொழுப்புன்னா ஒருத்தரும் ஒண்ணும் கேக்கமாட்டாங்க."

எனக்குக் கல்யாணம் ஆகிவிட்டது; மகனே ஒன்பதாவது படிக்கிறான். இன்னுமா அந்தப் பொய்? நான் துவண்டுகொண்டிருந்தபோது, அது என்ன நோயென்று தெரிந்த ஒரே ஆள் எனக்கு வெந்தயம் குடிக்கச் சொல்லியிருக்கிறார். வயிறு பற்றி எரிந்தது. நோயால் அல்ல.

"பாப்பாவுக்கு மாப்பிள்ளை பாக்கறோம். வெளிய சொல்லிப்போடாத" என்று கையைப் பிடித்தார். பாப்பா அவருடைய மகள். நான் கையை உருவிக்கொண்டேன்.

இப்போது இரத்தம் நின்றிருக்கிறது. நோய் அடங்கியிருக்கிறதே தவிர, போய்விடவில்லை. வயிறு லேசாக முறுக்கினாலும், எனக்கு முன்னால் அது யார் வயிற்றில் இருந்தது, அடுத்து யாரிடம் போகும் என்றுதான் மனம் ஓடுகிறது. அப்பாவும் கடைசிவரை வெந்தயத் தண்ணீர்தான் குடித்துக்கொண்டிருந்தார். உங்களுக்கும் இப்படி இருந்தால் வீட்டில் கேளுங்கள். பதில் சொல்பவர் என்ன மாத்திரை போடுகிறார் என்றும் பாருங்கள்.

போன வாரம் பாப்பா வந்தாள். "அத்தை, வயிறு முறுக்கி முறுக்கி வலிக்குதுங்க. இரத்தமும் போகுது. அப்பா சூடுங்கறாரு."

டப்பாவிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தேன். புரட்டிப் பார்த்தாள்.

"இது அப்பாவோட கொழுப்பு மாத்திரைங்களே!"

"இல்ல கண்ணு. உக்காரு, சொல்றேன்" என்றேன்.