சாத்திய கதவு

இன்று மூட்டையைப் பிரித்ததும் எழுந்த புழுங்கல் அரிசி வாசனையில், அண்ணாமலை நகரில் எப்போதோ இடித்துவிட்ட எங்கள் குவார்ட்டர்ஸின் ஸ்டோர் ரூம் திரும்பி வந்தது. பக்கவாதத்தில் படுத்துவிட்ட அப்பாவைத் துடைத்து, துணி அலசிப் போட்டுவிட்டு, அரிசி மூட்டைக்கும் மண்ணெண்ணெய் கேனுக்கும் நடுவே முழங்காலிட அம்மா அங்கேதான் போவாள். அப்பா கூப்பிடக் கூப்பிட, கதவுக்குப் பின்னாலிருந்து "ஏசப்பா, ஏசப்பா" என்ற முனகல் மட்டும் கேட்கும்.

"ஏம்மா தாப்பா போட்டுக்கற?" என்று ஒருநாள் கேட்டேன்.

"இந்தக் கதவச் சாத்தலன்னா, வாசக் கதவத் தொறந்துகிட்டு ஓடிடுவேன்டி."

இப்போது அடுத்த அறையில், நான் யாரென்றே தெரியாமல் காலையிலிருந்து அம்மா கத்திக்கொண்டிருக்கிறாள். மூட்டையருகே முழங்காலிட்டேன். இந்த பிளாட்டில் சமையலறைக்குக் கதவு கிடையாது. எதிரே தெரிவது வாசல் கதவுதான்.

கண்களை இறுக மூடிக்கொண்டேன்.