ஆயிரம் லிங்க் வாங்கிய கதை

மூன்று வாரத்துக்கு முன்பு ஒரு செவ்வாய்க்கிழமை காலை. காபியைக் கையில் எடுத்தேன், போன் அடித்தது. கலாமணி.

"அண்ணா, நெட்டுல நம்ம கம்பெனியக் காணமுங்க" என்றார்.

குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

கலாமணி யார் என்று சொல்லிவிடுகிறேன். திருப்பூர் மங்கலம் ரோட்டில் பதினாறு தையல் மெஷின் வைத்துக் குழந்தை உடுப்பு தைக்கிற பெண். பத்து வருடம் பெரிய கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் செய்தார். அவர்கள் வெட்டிக் கொடுப்பதைத் தைத்துத் தருகிற வேலை. அது போதும், இனி வெளிநாட்டு பையரை, அதாவது சரக்கு வாங்குகிறவரை, நேரடியாகப் பிடிக்கலாம் என்று துணிந்து இறங்கினார். அதற்காக ஒரு வெப்சைட். அதை இங்கிலீஷில் எழுதிக் கொடுத்ததும், பார்த்துக்கொள்வதும் நான். பத்திரிகைக்குப் பத்தி எழுதாத நாட்களில் எனக்குச் சோறு போடுவது இந்த வேலைதான்.

அந்த வெப்சைட்டைப் பார்த்துத்தான் டென்மார்க்கில் குழந்தைகள் துணிக்கடை நடத்தும் ஒரு பெண்மணி எழுதினார். ஆறு மாதம் மெயில் போக்குவரத்து. மூன்று முறை சாம்பிள். கடைசியில், டெல்லிக்கு வருகிறேன், அப்படியே உங்கள் யூனிட்டையும் பார்க்கிறேன் என்றார். எப்போது? அந்த வாரம் வெள்ளிக்கிழமை.

வண்டியை எடுத்துக்கொண்டு ஓடினேன். கலாமணியின் கம்ப்யூட்டரில் கம்பெனி பெயரை அடித்தேன். முதல் பக்கத்தில் எங்கள் வெப்சைட் இல்லை. மூன்றாம் பக்கத்தில் இல்லை... எங்கேயுமே இல்லை. வந்ததெல்லாம் சூதாட்டப் பக்கங்கள். தூக்க மாத்திரை விற்கும் பக்கங்கள். கலாமணி பக்கத்தில் நிற்கும்போது நான் திறக்கத் தயங்கிய வேறு சில பக்கங்கள். ஒவ்வொன்றின் அடியிலும் பொடி எழுத்தில், குழந்தைக்குச் சட்டை தைக்கும் அவருடைய கம்பெனி பெயர்.

அங்கே அதைக் கொண்டுபோய் வைத்தது யார்? நான்தான்.

கொஞ்சம் விளக்க வேண்டும். இன்னொரு வெப்சைட் தன் பக்கத்திலிருந்து நம்முடையதற்கு வழி காட்டினால் அதற்கு பேக்லிங்க் என்று பெயர். நாலு பேர் வழி காட்டினால் நல்ல கடையாகத்தான் இருக்கும் என்று தேடுபொறி நம்புகிறது. முன்னால் கொண்டுவந்து வைக்கிறது. எங்களுக்கு அப்படி ஐந்தோ ஆறோதான் இருந்தது. மூன்றாம் பக்கத்தில் கிடந்தோம். டென்மார்க்காரர் அங்கே வந்துதான் எங்களைக் கண்டுபிடித்தார் என்பதை நான் யோசிக்கவே இல்லை. எனக்குப் பொறுமை இல்லை. ஆயிரம் லிங்க் போட்டுத் தருகிறேன் என்று ஒரு ஏஜென்ட் மெயில் அனுப்பினார். விலை? நாலு பேர் பிரியாணி சாப்பிடுகிற செலவு. இத்தனை மலிவா எப்படிங்ணா என்று கலாமணி கேட்டார். அதெல்லாம் டெக்னிக்கல் விஷயம் அம்மிணி என்றேன் நான்.

இந்த வாக்கியத்தை யாராவது உங்களிடம் சொன்னால், தயவுசெய்து எழுந்து போய்விடுங்கள்.

பலித்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். மூன்றே வாரத்தில் முதல் பக்கம். இதே இடத்தில் அதைப் பற்றிப் பெருமையாக எழுதினேன். ஞாபகம் இல்லாவிட்டால் ரொம்ப நல்லது.

செவ்வாய் மதியம், டெல்லிக்கு வந்து சேர்ந்திருந்த டென்மார்க்காரரிடமிருந்து மெயில் வந்தது. நாலே வரி. என் பார்ட்னர் உங்கள் பெயரைத் தேடிப் பார்த்தார்; இந்த மாதிரிப் பக்கங்கள் வருகின்றன; நீங்கள் நிஜமாகவே ஒரு கம்பெனிதானா? நாளை மாலைக்குள் பதில் இல்லையென்றால் திருப்பூர் பயணத்தை ரத்து செய்கிறேன்.

கலாமணி படித்தார். செக்கிங் டேபிள் பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். இந்த ஆர்டரை நம்பி அடுத்த மூன்று மாத ஜாப் ஒர்க்கை வேண்டாம் என்று சொல்லியிருந்தார். உள்ளே பதினாறு மெஷினும் ஓடிக்கொண்டிருந்தன. தைப்பவர்களுக்கு இது எதுவும் தெரியாது.

ஏஜென்டுக்குப் போன் போட்டேன். ஐந்தாவது முறை எடுத்தார். பதற்றமே இல்லை.

"தேடுபொறில பெனால்டி விழுந்திருக்கும் சார். இன்னும் ரெண்டாயிரம் லிங்க் போட்டா மேல வந்துரும்."

போட்டதை எடுத்துவிடுங்கள் என்றேன். எந்தெந்த சைட்டில் போட்டோம் என்று தனக்கே தெரியாது, எல்லாம் சாஃப்ட்வேர் தானாகப் போடுவது என்றார். அப்புறம் லைன் கட்டானது. மறுபடி கிடைக்கவில்லை.

எனக்கு ஒரு யோசனை வந்தது. எங்கள் வளர்ச்சி பிடிக்காத போட்டிக் கம்பெனி யாரோ செய்த வேலை என்று எழுதிவிட்டால்? யாரால் இல்லை என்று நிரூபிக்க முடியும்? பாதி மெயில் அடித்தும்விட்டேன். கலாமணி எழுந்து வந்து திரையைப் பார்த்தார்.

"வேண்டாமுங்ணா. ஓட்டை உழுந்த பீஸுல நாமதான மொதல்ல ஸ்டிக்கர் ஒட்டறோம்? ஒட்டாம மறைச்சு, அத பையர் கண்டுபிடிச்சா மொத்த லாட்டையும் நம்ப மாட்டாங்க. நடந்தத நடந்தபடி எழுதிருங்க."

ஆர்டர் போய்விட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

"போனாப் போகுதுங்க."

சொல்லிவிட்டார். ஆனால் டேபிளில் கிடந்த ஒரு குட்டிச் சட்டையை எடுத்து மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

எழுதினேன். லிங்க் வாங்கியது நாங்கள். ஆசைப்பட்டு வாங்கினோம். எங்கே போய் விழும் என்று விசாரிக்கவில்லை. கலாமணி அப்போதே சந்தேகப்பட்டார், நான்தான் கேட்கவில்லை என்றும் ஒரு வரி சேர்த்தேன். அந்த வரியை மட்டும் எடுக்கச் சொன்னார். நானும் சரின்னுதானுங்க சொன்னேன் என்றார்.

புதன்கிழமை முழுக்கக் காத்திருந்தோம். மதியம் கரண்ட் போனது. மெஷின்கள் நின்றன, யூபிஎஸ் மட்டும் கத்திக்கொண்டிருந்தது. அது உயிரை விடுவதற்குள் இரண்டு முறை மெயில் பார்த்தேன். ஒன்றும் இல்லை. கரண்ட் வந்து, கம்ப்யூட்டர் எழுந்து, இன்டர்நெட் பிடித்தபோது மணி ஐந்தரை. ஒரு மெயில் இருந்தது. திறக்கவே கை வரவில்லை. கலாமணிதான் மௌஸைத் தன் பக்கம் இழுத்து க்ளிக் செய்தார்.

வெள்ளிக்கிழமை வருகிறேன், அந்த லிங்க் பட்டியலையும் எடுத்து வையுங்கள். அவ்வளவுதான்.

வந்தார். நான்கு மணி நேரம் இருந்தார். சட்டையின் பட்டன்களைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். உடைந்த ஊசியின் எல்லாத் துண்டும் கிடைத்ததா என்று எழுதி வைக்கும் நோட்டைக்கூடப் புரட்டினார். தைக்கும் பெண்களிடம் சம்பளம் எப்போது வருகிறது என்று கேட்டார். சிரிக்கவே இல்லை. கடைசியில் பட்டியலைக் கேட்டார். என்னால் தேடிக் கண்டுபிடிக்க முடிந்தவரை பதினோரு பக்கம், பிரின்ட் எடுத்து வைத்திருந்தேன். ஒவ்வொரு வரியாகப் படித்தார். நான் எதிரே நின்றேன். பரீட்சைத்தாள் திருத்துகிற டீச்சர் முன்னால்கூட அப்படி நின்றதில்லை.

என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். வாங்குவதற்கு முன்னால் இதில் ஒரு பக்கத்தையாவது திறந்து பார்த்தீர்களா?

இல்லை என்றேன்.

தலையை ஆட்டிக்கொண்டார். பேசியிருந்த ஆர்டரில் பாதியை உறுதி செய்தார். மீதி, இந்தப் பட்டியல் சுத்தமான பிறகு. வண்டி தெருமுனை திரும்புகிற வரைக்கும் கலாமணி வாசலில் நின்றார். பிறகு உள்ளே வந்து, பழைய கம்பெனி ஒன்றுக்குப் போன் போட்டு ஜாப் ஒர்க் இருக்கிறதா என்று கேட்டார். மெஷின் நிற்கக் கூடாதில்லையா?

மலிவு லிங்க் வாங்கினால் ரேங்க் ஏறுமா? ஏறும், நானே பார்த்தேன். முன்பின் தெரியாத ஆயிரம் பேரைக் கூட்டி வந்து, இவர் ரொம்ப நல்லவர் என்று கத்தச் சொன்னால் கொஞ்ச நேரம் தெருவே திரும்பிப் பார்க்கும். அப்புறம், கத்துகிறவர்கள் யார் என்று பார்க்கும்.

மறுபடி பரிசீலிக்கச் சொல்லித் தேடுபொறி நிறுவனத்துக்கு எழுதியிருக்கிறேன். பதில் இல்லை. நேற்றும் பெயரை அடித்துப் பார்த்தேன். இன்னும் காணோம்.

இதற்கிடையில் ஒவ்வொரு வெப்சைட்காரருக்கும், எங்கள் பெயரைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள் என்று மெயில் அனுப்புகிறேன். பலரும் பதில் போடுவதில்லை. சிலர் எடுத்துவிட்டார்கள். ஒருவர், எடுப்பதற்குத் தனிக் கட்டணம் என்கிறார். ஒரு நாளைக்கு இருபது மெயில் என்று கலாமணி கணக்கு வைத்து, சாயங்காலம் போன் போட்டுக் கேட்கிறார்.

இன்றைக்கு மூன்றுதான் முடிந்திருக்கிறது... போன் அடிக்கிறது.